இன்லைன் போடலாமா, வேண்டாமா: லினக்ஸ் நெட்வொர்க் நிரலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து படிக்க ஆரம்பித்ததும் கண்ணில் படுவது, ஹெடர் ஃபைல்களில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன 'ஸ்டாடிக் இன்லைன்' ஃபங்ஷன்கள். இன்லைன் என்றால் ஃபங்ஷனைத் தாவிச் சென்று அழைக்காமல், அதன் நிரலை அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் பதித்துவிடுவது. பார்த்த உடனே "இன்லைன் போட்டால் வேகம்" என்று மனதில் பதிந்துவிடும். இது பாதி உண்மைதான். எந்த இடத்தில் இன்லைன் பலன் தருகிறது, எந்த இடத்தில் வேகத்தைக் கெடுக்கிறது, இதை உங்கள் கணினியிலேயே எப்படிச் சரிபார்ப்பது என்று இங்கே சொல்கிறேன். சி மொழி தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறையாவது கெர்னலைக் கம்பைல் செய்து பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். மூல நிரலில் தேடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு

10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். அதற்கு முன்னால் போகும் 8 பைட்டையும், அடுத்த ஃபிரேமுக்கு முன் விட வேண்டிய 12 பைட் இடைவெளியையும் சேர்த்தால் கம்பியில் அது பிடிக்கும் இடம் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு 1,000 கோடி பிட் ஓடும் கம்பியில் இது 67.2 நானோ நொடி. நொடிக்குச் சுமார் 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட் வரலாம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரின் ஒரே கோர் இத்தனையையும் வாங்க வேண்டுமென்றால், ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 சைக்கிள். 100 ஜிகாபிட்டில் அது 20 சைக்கிளுக்கு இறங்கிவிடும்.

1,500 பைட் சுமந்து வரும் பெரிய பாக்கெட் என்றால் இவ்வளவு நெருக்கடி கிடையாது. ஒன்றுக்கு 1,230 நானோ நொடி இருக்கும். ஆனால் டிஎன்எஸ், குரல் அழைப்பு, டிசிபியின் ஒப்புதல் பாக்கெட்டுகள் எல்லாம் சின்னவைதான். ஃபயர்வால், ரவுட்டர் வேலை செய்யும் இயந்திரங்கள் இவற்றைத்தான் கோடிக்கணக்கில் பார்க்கின்றன.

இந்த 200 சைக்கிளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேஷில் கிடைக்காத ஒன்றைத் தேடி ஒரே ஒரு தடவை மெயின் மெமரி வரை போய் வந்தால், அநேகமாக அந்த 200-ம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு அழைப்புக்கு என்ன செலவு

பெயர் சொல்லி நேரடியாக ஒரு ஃபங்ஷனை அழைப்பது இன்றைய பிராசஸரில் மலிவு. எங்கே தாவ வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை பிராசஸர் முன்கூட்டியே ஊகித்துவிடும். தாவுவதற்கும் திரும்புவதற்கும் சில சைக்கிள்கள் போகும். இதற்கு மேல் ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் சேமித்து மீட்பது, ஃபங்ஷன் தொடக்கத்தில் எஃப்டிரேஸுக்காக (எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று பின்தொடரும் கெர்னல் கருவி) விட்டுவைக்கும் 5 பைட் வெற்றுக் கட்டளை என்று கொஞ்சம் சேரும்.

தனி அழைப்பாகப் பார்த்தால் பொருட்படுத்தவே வேண்டாம். ஆனால் வந்து சேரும் ஒரு டிசிபி பாக்கெட் டிரைவரில் தொடங்கி ஜிஆர்ஓ (ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் படி), நெட்ஐஎஃப் ரிசீவ், ஐபி ஆர்சிவி, டிசிபி வி4 ஆர்சிவி, டிசிபி ஆர்சிவி எஸ்டாப்ளிஷ்ட் என்று பல படிகளைத் தாண்டுகிறது. ஒவ்வொரு படியும் பல உதவி ஃபங்ஷன்களைத் தொடுகிறது. அவற்றில் ஒன்று 'ஐபி ஹெச்டிஆர்'. பாக்கெட்டின் தொடக்க முகவரியோடு ஒரு தூரத்தைக் கூட்டி, ஐபி ஹெடர் இருக்கும் இடத்தைத் திருப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு மூன்று கட்டளைகளில் முடிந்துவிடும். இதை அழைத்து வாங்கினால் வேலையை விட அழைப்புக்கான ஏற்பாடு பெரிதாகிவிடும். இன்லைன் செய்தால் நிரலின் அளவுகூடக் குறையும். இந்த மாதிரி ஃபங்ஷன்களில் வாதத்துக்கே இடமில்லை.

இந்தச் செலவு எல்லா இயந்திரத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். 2022இல் ரெட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு, ஏஎம்டியின் ஜென் 1, ஜென் 2 பிராசஸர்களில் ஃபங்ஷனிலிருந்து திரும்புவதையே கெர்னல் ஒரு சுற்றுவழியில் செய்ய வேண்டியதாயிற்று. அங்கே ஒவ்வொரு அழைப்பும் கூடுதல் விலை கேட்கும். ஒரு இயந்திரத்தில் எடுத்த எண்ணை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

பெரிய லாபம் வேறு இடத்தில்

அழைப்பு மிச்சமாவது சின்ன லாபம்தான். உள்ளே கொண்டுவந்த நிரலைச் சுற்றியிருக்கும் வரிகளோடு சேர்த்துப் பார்க்கக் கம்பைலருக்கு வாய்ப்புக் கிடைப்பதுதான் பெரிய லாபம்.

கெர்னலுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும் 'கேமல்லாக்'கை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பைட் வேண்டும் என்பது நிரலிலேயே நிலையான எண்ணாக எழுதப்பட்டிருந்தால், எந்தக் குழுவிலிருந்து நினைவகத்தை எடுப்பது என்ற கணக்கு கம்பைல் செய்யும்போதே முடிந்துவிடும். ஓடும் நேரத்தில் அந்தக் கிளைகள் எதுவும் இருக்காது. பார்க்கப் பெரிய இன்லைன் ஃபங்ஷன், ஆனால் விளைந்த நிரல் சின்னது. கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணத்தில் 'இன்லைன் நோய்' என்ற தலைப்பிலேயே ஒரு பகுதி இருக்கிறது. 3 வரிக்கு மேல் போகும் ஃபங்ஷனுக்கு இன்லைன் போடாதீர்கள் என்பது அதில் உள்ள பொது விதி. கொடுக்கும் மதிப்பு நிலையானது என்று கம்பைல் நேரத்திலேயே தெரிந்தால் விதிவிலக்கு. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணமும் கேமல்லாக்தான்.

ஆகவே ஒரு ஃபங்ஷனைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அழைக்கும் இடங்களில் நிலையான மதிப்புகள் போகின்றனவா? மொத்தம் எத்தனை இடங்களிலிருந்து அழைக்கிறார்கள்? முதல் கேள்வி லாபத்தைச் சொல்லும், இரண்டாவது விலையைச் சொல்லும்.

விலை எங்கே விழுகிறது

இன்லைன் என்றால் நகல். 300 இடங்களில் அழைத்தால் 300 நகல். பிராசஸர் கட்டளைகளை எடுத்துப் படிக்கும் முதல் நிலைக் கேஷ் பெரும்பாலான எக்ஸ்86 பிராசஸர்களில் 32 கிலோபைட்தான். 64 பைட் வரிகளாகப் பார்த்தால் 512 வரிகள். டிரைவர், ஐபி, டிசிபி, சாக்கெட், அப்புறம் அந்தப் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் செயலி எல்லாம் இந்த 512 வரிகளைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் இன்லைன் 10 வரிகளைக் கூடுதலாகப் பிடித்தால், வேறு யாருடையவோ 10 வரிகள் வெளியே போகும்.

இது கெர்னல்காரர்களுக்குப் பழைய கவலை. 2018இல் வந்த 4.19 பதிப்பில், பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக மேலே அனுப்பாமல் பட்டியலாக அனுப்பும் வழியைச் சேர்த்தார்கள். ஐபி அடுக்கின் நிரல் கேஷில் இருக்கும்போதே பல பாக்கெட்டுகளையும் அதில் ஓட்டி முடித்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஒரே ஃபங்ஷன், இரண்டு தீர்ப்பு

எஸ்கேபி புல் என்ற ஃபங்ஷனின் வரலாறுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த பாடம். எஸ்கேபி என்பது கெர்னலில் ஒரு பாக்கெட்டைக் குறிக்கும் அமைப்பு. பாக்கெட்டின் முன்பக்கத்திலிருந்து சில பைட்டுகளைத் தாண்டி நகர்வதே அதன் வேலை. கேட்ட நீளம் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்க்கும், நீளத்தைக் குறைக்கும், கணக்கு தப்பியிருந்தால் கெர்னலை நிறுத்தும், கடைசியில் சுட்டியை நகர்த்தும். பல வருடங்கள் இது ஹெடர் ஃபைலில் இன்லைனாகவே இருந்தது.

2008இல் கெர்னல் டெவலப்பர் இல்போ யார்வினென் ஹெடர் ஃபைல்களில் இருந்த பெரிய இன்லைன்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். எஸ்கேபி புல், எஸ்கேபி புட் போன்றவை நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களுக்குள் நகலாகிக் கிடந்தன. அவற்றை வெளியே எடுத்துச் சாதாரண ஃபங்ஷன்களாக்கினார். எல்லா அம்சங்களையும் இயக்கிக் கட்டிய கெர்னலில் பல்லாயிரம் பைட்டுகள் மிச்சமாயின. நூற்றுக்கணக்கான டிரைவர்களில் உங்கள் கணினி ஓட்டுவது ஒன்றிரண்டு மட்டுமே என்பதால் அத்தனையும் கேஷில் மிச்சமாகிவிடாது. இருந்தாலும் அது நல்ல வேலை.

2010இல் இன்னொரு டெவலப்பரான எரிக் டுமாசே கொடுத்த ஒரு பேட்சை அடிப்படையாக வைத்து, அப்போதைய நெட்வொர்க் பராமரிப்பாளர் டேவிட் மில்லர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். 'எஸ்கேபி புல் இன்லைன்' என்று தனிப் பெயரில் ஒன்றை உருவாக்கி, 'ஈத் டைப் டிரான்ஸ்' என்ற ஃபங்ஷனில் மட்டும் பயன்படுத்தினார். ஏன் அங்கே மட்டும்? ஈதர்நெட் வழியாக உள்ளே வரும் பாக்கெட்டுகள் அந்த ஃபங்ஷனைத் தொட்டே மேலே போகின்றன. தாண்ட வேண்டிய நீளமும் அங்கே எப்போதும் 14 பைட். நிலையான எண், மிகச் சூடான (அதாவது மிக அடிக்கடி ஓடும்) பாதை, ஒரே ஒரு இடம். முன்னே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் கச்சிதமான பதில்.

மற்ற நூற்றுக்கணக்கான இடங்களில் 2008ஆம் வருடத் தீர்ப்பு அப்படியே நின்றது. தனிப் பெயர் வைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. படிக்கிறவருக்கு "இந்த இடம் வேகம் பார்க்கும் இடம்" என்று பெயரே சொல்லிவிடுகிறது. இன்லைன் என்பது ஒரு ஃபங்ஷனின் குணம் என்று நினைப்பதைவிட, அழைக்கும் இடத்தின் குணம் என்று நினைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பின்பற்ற வேண்டிய வடிவம்

நீங்கள் எழுதும் ஃபங்ஷன் பெரிதாகவும் இருக்கிறது, சூடான பாதையிலும் இருக்கிறது என்றால் என்ன செய்வது? 'பிஎஸ்கேபி மே புல்' எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாக்கெட்டின் முதல் இத்தனை பைட்டுகள் நேராகப் படிக்கும் நிலையில் உள்ளனவா என்று கேட்கும் ஃபங்ஷன் அது. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அப்போது ஒரு ஒப்பீடு, உடனே 'ஆம்'. இந்தப் பகுதி மட்டும் இன்லைன். தரவு வேறு பக்கங்களில் சிதறிக் கிடந்தால் அதை இழுத்து முன்னால் சேர்க்கும் நீண்ட வேலை இருக்கிறது. அது தனி ஃபங்ஷனாக வேறு ஃபைலில் கிடக்கிறது.

அடிக்கடி நடப்பதை இரண்டு மூன்று வரியில் உள்ளே வையுங்கள். அபூர்வமாக நடப்பதை வெளியே தள்ளுங்கள். அபூர்வமான கிளைக்கு 'அன்லைக்லி' குறி போடுங்கள், பிழையைக் கையாளும் ஃபங்ஷனுக்கு 'நோஇன்லைன்', 'கோல்ட்' குறிகளைப் போடுங்கள். நெட்வொர்க் பகுதியில் நான் பார்த்த நல்ல இன்லைன்களில் பெரும்பாலானவை இந்த வடிவம்தான்.

இப்போது கை வைத்துப் பாருங்கள்

கெர்னல் மூலத்தை எடுத்து, வழக்கமான இயல்புநிலை அமைப்போடு கட்டிக்கொள்ளுங்கள். ஐபிவி4 கோப்புறையில் 'ஐபி இன்புட்' என்ற சி ஃபைல் இருக்கும். அதில் 'ஐபி ஆர்சிவி கோர்' என்ற ஸ்டாடிக் ஃபங்ஷன், பாக்கெட்டின் ஐபி ஹெடரைச் சரிபார்க்கிறது. தனிப் பாக்கெட்டுக்கான ஐபி ஆர்சிவியும், பட்டியலுக்கான 'ஐபி லிஸ்ட் ஆர்சிவி'யும் இதையே அழைக்கின்றன. இரண்டே இடங்கள் என்பதால் பழகுவதற்கு வசதி.

முதலில் மாற்றம் எதுவும் இல்லாமல் அந்த ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் மேக் கட்டளையால் கட்டுங்கள். வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஐபி ஆர்சிவி கோருக்கு முன்னால் 'ஆல்வேஸ் இன்லைன்' குறியைச் சேர்த்து மறுபடி கட்டுங்கள். வெறும் இன்லைன் குறி போதாது. 2019இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அது ஒரு பரிந்துரை மட்டுமே. முடிவு கம்பைலர் கையில்.

இப்போது கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள புளோட்-ஓ-மீட்டரை, பழைய ஃபைல், புதிய ஃபைல் என்ற வரிசையில் கொடுத்து ஓட்டுங்கள். எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் வளர்ந்தது, எது காணாமல் போனது, மொத்தம் எவ்வளவு என்று அட்டவணை வரும். ஐபி ஆர்சிவியும் ஐபி லிஸ்ட் ஆர்சிவியும் வீங்கியிருக்கும், ஐபி ஆர்சிவி கோர் பட்டியலிலிருந்து போயிருக்கும். அதே சோதனையை நோஇன்லைன் குறியோடும் செய்யுங்கள். ஆப்ஜ்டம்ப்பால் அசெம்பிளியைப் பிரித்துப் பார்த்தால், அழைப்புக் கட்டளை இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே உறுதி செய்யலாம்.

இங்கே ஒன்றைக் கவனிப்பீர்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலே கம்பைலர் பலவற்றை உள்ளே இழுத்திருக்கும். ஒரே இடத்திலிருந்து அழைக்கப்படும் ஸ்டாடிக் ஃபங்ஷனை அது தானாகவே இன்லைன் செய்துவிடும். பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'பார்ட்' என்று வால் ஒட்டியிருந்தால், ஒரு பகுதியை மட்டும் உள்ளே எடுத்து மீதியை வெளியே விட்டிருக்கிறது என்று பொருள். நாம் கையால் செய்யும் பிரிவினையை அதுவும் முயன்று பார்க்கிறது. அதனால்தான் சி ஃபைல்களுக்குள் இன்லைன் சொல்லை எழுதுவதை நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் விரும்புவதில்லை.

அளப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேகமான நெட்வொர்க் கார்டு இல்லாமலே தொடங்கலாம். கெர்னலிலேயே 'பிகேடிஜென்' என்ற பாக்கெட் உற்பத்தி மாட்யூல் இருக்கிறது. அதன் 'நெட்ஐஎஃப் ரிசீவ்' முறை, பாக்கெட்டுகளைக் கம்பி வழியாக வந்தது போலவே உள்வாங்கும் பாதையில் நேரடியாகச் செலுத்தும். அதற்கான ஆயத்த ஸ்கிரிப்டுகள் சாம்பிள்ஸ் கோப்புறையில் உண்டு.

ஓட்டுவதற்கு முன் பிராசஸரின் வேகத்தை நிலையாக வையுங்கள், டர்போவை அணையுங்கள், வேலையை ஒரே கோரில் கட்டிப்போடுங்கள். மெய்நிகர் இயந்திரத்தில் எடுத்த எண்களை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழையது, புதியது, மறுபடி பழையது, புதியது என்று மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுங்கள். பழைய கெர்னலின் ஓட்டங்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் லாபம் அந்த ஏற்ற இறக்கத்தைவிடச் சின்னதாக இருந்தால், லாபம் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரு ஃபங்ஷனின் அளவு மாறினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நகரும். சம்பந்தமே இல்லாத ஒரு லூப் கேஷ் வரியின் எல்லையில் வேறு மாதிரி உட்கார்ந்து, அதனாலேயே எண் கூடவோ குறையவோ செய்யும். இன்லைனால் வந்த லாபம் என்று நீங்கள் நினைப்பது வெறும் இடமாற்றமாக இருக்கலாம். ஃபங்ஷன்களை எல்லாம் 64 பைட் எல்லையில் தொடங்க வைக்கும் ஒரு டீபக் அமைப்பு கெர்னலில் இதற்காகவே உள்ளது. அதை இயக்கி இரண்டு கெர்னல்களையும் மறுபடி அளந்து, வித்தியாசம் அப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

பிகேடிஜென் ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் அந்த நிரல் எப்போதும் கேஷில் சூடாகவே இருக்கும். அளவு வீங்கியதன் தண்டனை அங்கே தெரியாது. எந்த இன்லைனும் அழகாகத் தெரியும் சோதனை அது. ஆகவே உண்மையான செயலி ஒன்று பாக்கெட்டுகளை வாங்கிப் பதில் சொல்லும் சோதனையும் கட்டாயம் வேண்டும். நெட்வொர்க் வேகம் அளக்கும் நெட்பெர்ஃப் கருவியின் கேள்வி–பதில் முறை இதற்குப் பொருத்தம். கூடவே லினக்ஸின் பெர்ஃப் கருவியில் உள்ள பெர்ஃப் ஸ்டாட் கட்டளையால் சைக்கிள், கட்டளை எண்ணிக்கை, முதல் நிலைக் கட்டளைக் கேஷின் தவறல்கள் ஆகிய மூன்றையும் எண்ணுங்கள். கட்டளை எண்ணிக்கை குறைந்து கேஷ் தவறல் கூடியிருந்தால், என்ன நடந்தது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

மறைமுக அழைப்பு தனிக் கதை

சுட்டி வழியாகச் செய்யும் அழைப்பைக் கம்பைலர் பெரும்பாலும் இன்லைன் செய்ய முடியாது. எங்கே போகும் என்று அதற்கே தெரியாதே. நெட்வொர்க் நிரலில் இந்த வகை அழைப்புகள் ஏராளம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறை வெளிவந்து, ரெட்போலின் என்ற தடுப்பு வந்ததும் இவற்றின் செலவு எகிறியது. பிராசஸரின் ஊகத்தை வேண்டுமென்றே முடக்குவதுதான் அந்தத் தடுப்பின் வேலை.

இதற்கு கெர்னல் டெவலப்பர் பாவ்லோ அபேனி கொண்டுவந்த தீர்வு எளிமையானது. சுட்டியில் இருப்பது அநேகமாக டிசிபியின் ஃபங்ஷனாகவோ யுடிபியின் ஃபங்ஷனாகவோதான் இருக்கும். அப்படியானால் முதலில் ஒப்பிட்டுப் பார், ஒத்துப்போனால் பெயர் சொல்லி நேரடியாக அழை, இல்லையென்றால் மட்டும் சுட்டி வழியாகப் போ. 'இன்டைரக்ட் கால்' என்று தொடங்கும் மேக்ரோக்களாக இதைப் பார்ப்பீர்கள். எக்ஸ்86இல் வேகம் தேடுகிறவர் இன்லைன் குறிகளைத் துரத்துவதற்கு முன்னால் பெர்ஃப் அறிக்கையில் ரெட்போலின் பெயர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. பல நேரம் பெரிய மீன் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், இன்லைன் ஆன ஃபங்ஷனை எஃப்டிரேஸ் பார்க்காது. இரவு 2 மணிக்கு உற்பத்திச் சர்வரில் பாக்கெட் எங்கே தொலைகிறது என்று தேடும் ஒருவருக்கு அந்தப் பெயர் தேவைப்படலாம். வேகத்தில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் ஃபங்ஷனை வெளியிலேயே விடுங்கள்.

பேட்ச் அனுப்பும்போது

விளக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: எந்த அழைப்பு இடத்துக்காக இந்த மாற்றம், புளோட்-ஓ-மீட்டரின் மொத்த வரி, எந்தப் பிராசஸரில் எந்தச் சோதனையில் எவ்வளவு மாறியது. எண் இல்லாமல் "வேகம் கூடும்" என்று எழுதினால் முதல் பதிலே எண் எங்கே என்றுதான் வரும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் கட்டிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இன்லைன் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு முடிவு எடுக்கும். முடிந்தால் ஆர்ம் 64 இயந்திரத்திலும் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள்.

வேக மேம்பாடுகள் பிழைத் திருத்தங்கள் அல்ல என்பதால் அடுத்த பதிப்புக்கான நெட்வொர்க் மாற்றங்களைச் சேர்க்கும் நெட்-நெக்ஸ்ட் கிளைக்கு அனுப்ப வேண்டும், தலைப்பிலும் அதைக் குறிப்பிட வேண்டும். புதுப் பதிப்புக்கான மெர்ஜ் விண்டோ (மாற்றங்களை மையக் கெர்னலில் சேர்க்கும் காலம்) நடக்கும் இரண்டு வாரங்களில் அந்தக் கிளை மூடியிருக்கும். அந்த நாட்களில் அனுப்பாமல், திறந்ததும் அன்றைய மூலத்தின் மேல் மறுபடி கட்டி, அளந்து அனுப்புங்கள்.